பெர்லின் நாவல்களில் அரசியல் எங்கே இருக்கிறது?

பிப்ரவரி 4, கேள்வி

"ஹிட்லர் வருவதற்கு முந்தைய பெர்லினைப் பற்றிய நாவல்களை எல்லோரும் புகழ்கிறார்கள். இஷர்வுட் படித்தேன், கெஸ்ட்னர் படித்தேன். அறை வாடகை, குடி, காதல், கருக்கலைப்பு, மறுபடியும் அறை வாடகை. நாஜிகள் எங்கோ ஒரு மூலையில் வந்துபோகிறார்கள். ஒரு நாடு சர்வாதிகாரத்தில் விழுந்துகொண்டிருந்தபோது இந்த எழுத்தாளர்கள் யார் யாரோடு படுத்தார்கள் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். இது தப்பித்தல் இல்லையா?"

பிப்ரவரி 4, இரவு

இல்லை. முதலில் ஆண்டைப் பாருங்கள். எரிஷ் கெஸ்ட்னரின் 'ஃபாபியான்' 1931இல் வந்தது. இர்ம்கார்ட் கொய்னின் 'செயற்கைப் பட்டுப் பெண்' 1932. ஹான்ஸ் ஃபலாடாவின் 'சின்ன மனிதனே, இனி என்ன?' அதே 1932. ஹிட்லர் பிரதமரானது 1933 ஜனவரி 30. இந்த மூவருக்கும் கதையின் முடிவு தெரியாது. ஆங்கிலேயர் கிறிஸ்டோபர் இஷர்வுட்டின் 'குட்பை டு பெர்லின்' 1939இல் வந்தது. அவருக்கு எல்லாம் தெரியும். முன்பே எழுதியவரையும் பின்பு எழுதியவரையும் ஒரே கூண்டில் நிறுத்தி ஒரே குற்றத்தைச் சுமத்தினால் இருவருமே புரியாமல் போவார்கள்.

வாடகை என்று அலுப்போடு சொல்கிறீர்கள். என் வாதம் முழுவதும் அந்த வாடகையில்தான் இருக்கிறது. நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 5

ஷ்ரோடர் அம்மாளிடமிருந்து தொடங்குகிறேன். இஷர்வுட்டின் கதைசொல்லி தங்கியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி. ஒரு காலத்தில் கோடை விடுமுறைக்குப் பால்டிக் கடற்கரைக்குப் போனவர், வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருந்தவர். பிறகு போர் வந்தது, பணவீக்கம் வந்தது. 1923 நவம்பரில் ஒரு அமெரிக்க டாலரின் விலை 4,20,000 கோடி மார்க். ஆயுள் முழுவதும் சேர்த்த பணம் ஒரு ரொட்டிக்கும் ஆகாமல் போயிற்று. நாம் சந்திக்கும்போது அவர் எல்லா அறைகளையும் வாடகைக்கு விட்டுவிட்டு, கூடத்தில் ஒரு தட்டிக்குப் பின்னால், ஸ்பிரிங் உடைந்த சின்ன சோபாவில் படுக்கிறார். சொந்த வீட்டில் அவருக்கென்று ஓர் அறை இல்லை.

நல்ல மனுஷி. அறையில் குடியிருப்பவர்கள் யாராக இருந்தாலும் கொஞ்சுவார், கோபிப்பார், மன்னிப்பார். யார் யாரை அழைத்து வந்தாலும் முகம் சுளிக்கமாட்டார். படிக்கிறவர்களுக்கெல்லாம் அவரைப் பிடித்துவிடும். எனக்கும் பிடிக்கும்.

இந்த அம்மாள்தான் 1930 இலையுதிர்காலத்துப் பகுதியில், அதே வீட்டில் குடியிருக்கும் மேயர் என்ற நாஜி ஆதரவுப் பாடகியோடு சேர்ந்து தரைவிரிப்பில் குப்புறப் படுத்துக் காதை அழுத்திக்கொண்டிருக்கிறார். கீழ்வீட்டில் ஒரு யூதப் பெண்ணை அவளை மணக்க வந்த ஆள் அடித்துக்கொண்டிருக்கிறான். மேலே இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டு மகிழ்கிறார்கள். அந்த அடியைக் கட்சி கொடுக்கவில்லை, சீருடை எதுவும் அங்கே இல்லை, அது கட்டடத்துக்குள் நடக்கும் அண்டைவீட்டுச் சண்டை. ஆனால் அந்த ஆண்டு செப்டம்பர் 14இல் நடந்த தேர்தலில் நாஜிகள் 12 இடங்களிலிருந்து 107 இடங்களுக்குத் தாவியிருந்தார்கள். அந்த எண்ணை வரலாற்று நூல்கள் எல்லாம் சொல்லும். அந்த 107 இடங்கள் ஒரு கூடத்தின் தரையில் எப்படிக் காதை வைத்துப் படுத்திருந்தன என்பதை இந்த நாவல்தான் காட்டுகிறது.

கடைசிப் பகுதி 1933இன் தொடக்கம். ஷ்ரோடர் அம்மாள் இப்போது வாயிற்காவலரின் மனைவியிடம் தலைவரைப் பற்றிப் பயபக்தியோடு பேசுகிறார். போன நவம்பர் தேர்தலில் கம்யூனிஸ்டுகளுக்கு ஓட்டுப் போட்டவர் அவர். யாராவது அதை நினைவூட்டினால் கொதித்துப்போய் மறுப்பார், அதுவும் மனதறிந்த பொய்யாக இருக்காது என்கிறார் இஷர்வுட். அங்கே அவர் அந்த அம்மாளைத் திட்டவில்லை. எந்த ஆட்சி வந்தாலும் அந்தக் குடியிருப்பில்தான் அவர் வாழ்ந்தாக வேண்டும் என்று மட்டும் சொல்கிறார். ஊரைவிட்டுப் போகும் வசதி இஷர்வுட்டுக்கு இருந்தது, அந்த அம்மாளுக்கு இல்லை. வாடகை என்று நான் சொல்வது இதைத்தான். அறைகள் நிரம்பியிருந்தால்தான் சோறு. அறைகளை நிரப்பி வைத்திருக்க ஒருவர் என்னவெல்லாம் பேசத் தயாராவார், என்னவெல்லாம் மறக்கத் தயாராவார் என்ற கேள்வி அரசியல் இல்லையென்றால் வேறு எது அரசியல்?

நான் நெடுங்காலம் வாடகை அறைகளில் இருந்தவன். வீட்டுக்காரரின் குரல் எந்த நாளில் எப்படி மாறுகிறது என்று கேட்டுக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தப் பக்கங்கள் வேறு மாதிரி தைக்கும்.

பிப்ரவரி 5, மாலை

"ஆனால் கதைசொல்லி தன்னை ஒரு கேமரா என்கிறானே, யோசிக்காமல் பதிவு மட்டும் செய்கிறேன் என்கிறானே, அது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் பக்கத்து வாக்கியத்தை வைத்துக்கொண்டு முழு நூலுக்கும் தீர்ப்பு எழுதாதீர்கள். அதே நூலில் வரும் சாலி பவுல்ஸ் என்ற பாடகியின் கதையில் ஒரு ஜன்னல் காட்சி வரும், அதை மறுபடி படியுங்கள். ஹெர்மன் மியுல்லர் 1931 மார்ச்சில் இறந்தார். ஹிட்லருக்கு முந்தைய ஜெர்மன் குடியரசான வைமரில் நாடாளுமன்றப் பெரும்பான்மையோடு ஆண்ட கடைசிப் பிரதமர் அவர்தான். 1930 மார்ச்சில் அவர் விலகிய பிறகு வந்தவர்கள் குடியரசுத் தலைவரின் அவசர ஆணைகளை வைத்து ஆண்டார்கள். மியுல்லரின் இறுதி ஊர்வலம் தெருவில் போகிறது. மேலே ஹோட்டல் ஜன்னலில் சாலியும், அவளுக்கு உலகப் பயணம் வாக்களித்திருக்கும் பணக்கார அமெரிக்கன் கிளைவும், கதைசொல்லியும். செத்தவர் யார் என்று கிளைவ் கேட்கிறான். யாருக்குத் தெரியும் என்று கொட்டாவி விட்டுவிட்டு, சூரியன் மறைவது எவ்வளவு அழகு என்கிறாள் சாலி.

கீழே போய்க்கொண்டிருந்தது ஒரு குடியரசின் பிணம். மேலே மூவரையும் ஒன்றாகக் கட்டியிருந்தது கிளைவின் பணம். அந்த நொடியில் தன்னையும் அந்த ஜன்னலில் நிறுத்தி, கீழே போகிறவர்களோடு நமக்கு இனித் தொடர்பில்லை என்று ஆகிவிட்டதைக் கதைசொல்லி சொல்கிறான். கேமரா அப்படிப் பேசாது. கிளைவ் சில நாட்களில் சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டுப் போய்விடுகிறான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 6

இன்னொருவர் இஷர்வுட் நூலிலிருந்து வந்த 'கேபரே' திரைப்படத்தை மேற்கோள் காட்டுகிறார். 1972இல் வந்த அந்தப் படம் 1966இன் இசை நாடகத்திலிருந்து வந்தது, அந்த இசை நாடகம் 1951இன் மேடை நாடகத்திலிருந்து, அது நூலிலிருந்து. முகத்தில் வெள்ளை பூசிய நிகழ்ச்சித் தொகுப்பாளர் நூலில் இல்லை. தோட்டத்தில் இளைஞன் எழுந்து பாட எல்லோரும் சேர்ந்துகொள்ளும் காட்சியும் இல்லை. படம் அச்சத்தை மேடையில் ஏற்றிக் காட்டுகிறது. நூல் அதைச் சமையலறையிலும் கூடத்திலும் விட்டுவைக்கிறது. எனக்கு நூல்தான் அதிகம் பயம் தந்தது.

பிப்ரவரி 8

ஃபலாடாவின் 1932 நாவலுக்கு வருகிறேன். இது வேலையின் கதை. பின்னெபெர்க் ஆயத்த ஆடை விற்பனையாளன், மனைவி லெம்ஷன், ஒரு கைக்குழந்தை. 1932 தொடக்கத்தில் ஜெர்மனியில் பதிவு செய்த வேலையற்றோர் 60 லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். பெர்லினின் பெரிய கடை ஒன்றில் அவனுக்கு வேலை கிடைக்கிறது, மாதத்துக்கு இவ்வளவு விற்றாக வேண்டும் என்ற அளவோடு. அந்த அளவு வந்த நாளிலிருந்து சக விற்பனையாளன் போட்டியாளனாகிறான், வாடிக்கையாளன் இரையாகிறான். ஒருநாள் அவன் மனமார ரசிக்கும் திரைப்பட நடிகர் கடைக்கு வருகிறார். திரையில் ஏழையின் துயரத்தை அவ்வளவு அழகாக நடித்தவர் தன் துயரத்தைப் புரிந்துகொள்வார் என்று நம்பி, ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுகிறான். அவர் புகார் கொடுக்கிறார். வேலை போகிறது. எனக்கு இருபதாம் நூற்றாண்டு நாவல்களிலேயே மிகவும் வலித்த காட்சிகளில் அது ஒன்று.

அரசியல் மூலையில் இருக்கிறது என்கிறீர்களே, அந்த மூலையில் லாட்டர்பாக் என்றொருவன் இருக்கிறான். பெர்லினுக்கு வருமுன் சிற்றூரில் பின்னெபெர்க்கோடு வேலை பார்த்தவன். நாஜி அடியாள் படையில் சேர்ந்திருக்கிறான். சேர்ந்த காரணத்தை ஃபலாடா சொல்வதைப் பாருங்கள்: பொழுது போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் செய்ய எதுவும் இல்லை, நண்பர்கள் இல்லை, பெண்கள் இல்லை. கட்சி அவனுக்குத் தோழர்களைக் கொடுத்தது, அடிதடியைக் கொடுத்தது. வெறுப்புக் கொள்கையைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதலாம். ஞாயிற்றுக்கிழமைத் தனிமையிலிருந்து ஒருவன் படைக்குள் போவதை 1932இலேயே பார்த்து எழுதியது ஒரு நாவலாசிரியனின் கண்.

நாஜிகள் வந்த பிறகு மறுபதிப்பில் இந்த லாட்டர்பாக்கை ஃபலாடா மாற்ற வேண்டியதாயிற்று. அடியாள் படைக்காரன் முரட்டுக் கால்பந்து கோல்காப்பாளன் ஆனான். நீங்கள் மூலையில் என்று ஒதுக்கிய சின்னப் பாத்திரத்தை அந்த ஆட்சி ஒதுக்கவில்லை, சரியாக அவனைத்தான் தேடிப் பிடித்தது. இதைவிட நல்ல சாட்சி என் வாதத்துக்கு எனக்குக் கிடைக்காது.

பிப்ரவரி 9

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 'ஃபாபியான்' நாவலில் இருபது மார்க் காட்சி நேற்று இரவு முழுவதும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

ஃபாபியான் வேலையிழந்தவன். அம்மா ஊரிலிருந்து பார்க்க வருகிறாள். திரும்பிப் போகும்போது அவளுக்குத் தெரியாமல் அவள் கைப்பையில் இருபது மார்க் நோட்டை வைக்கிறான். அறைக்கு வந்து பார்த்தால் மேசையில் அவனுக்குத் தெரியாமல் அம்மா இருபது மார்க் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். கணக்குப்படி யாருக்கும் லாபமில்லை, நட்டமுமில்லை. ஆனால் அறக்கணக்கு வேறு என்கிறார் கெஸ்ட்னர்.

அந்த நாவலில் மற்ற எல்லாமே விற்பனைக்கு வந்துவிட்டவை. ஃபாபியானின் காதலி கொர்னேலியா சட்டம் படித்தவள். திரைப்படத்தில் நுழைய ஒரு தயாரிப்பாளரோடு போகிறாள், போவதற்கு முன் கடிதம் எழுதி வைக்கிறாள். நண்பன் லபுடே ஆண்டுக்கணக்கில் உழைத்த ஆய்வு நிராகரிக்கப்பட்டது என்று ஒருவன் விளையாட்டாகச் சொன்ன பொய்யை நம்பிச் சுட்டுக்கொண்டு சாகிறான். இவ்வளவுக்கும் நடுவில் அந்த இருபது மார்க் மட்டும் எதையும் வாங்காமல் இரண்டு கைகளுக்கிடையே போய்வருகிறது. நானும் அம்மாவிடம் பணம் வாங்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் நின்ற காலங்கள் உண்டு. வேலையின்மை என்பது புள்ளிவிவரமாக இருக்கும்போது அதை யாரும் அஞ்சுவதில்லை. பெற்றவளின் கைப்பைக்கு முன்னால் ஒரு வளர்ந்த ஆண் நிற்கும்போதுதான் அந்த அவமானத்தைப் பயன்படுத்திக்கொள்ள எந்தக் கட்சி வந்தாலும் ஏன் கூட்டம் சேர்கிறது என்பது விளங்குகிறது.

பிப்ரவரி 9, பிறகு சேர்த்தது

மேலே உள்ள கடைசி வாக்கியத்தை இறுக்கமாகப் படிக்க வேண்டாம். ஃபாபியான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அதே நாவலில் ஓர் இரவு ஒரு கம்யூனிஸ்டும் ஒரு நாஜியும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டு காயத்தோடு கிடக்கிறார்கள். ஃபாபியானும் லபுடேயும் இருவரையும் ஒரே டாக்சியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். இருவரும் தொழிலாளி வர்க்கத்துப் பையன்கள். அவமானப்பட்டவன் எந்தப் பக்கமும் போகலாம், எந்தப் பக்கமும் போகாமல் நீந்தத் தெரியாமலே ஆற்றில் குதித்து ஒரு சிறுவனைக் காப்பாற்றப் பார்க்கலாம். சிறுவன் நீந்திக் கரையேறிவிடுகிறான், ஃபாபியான் மூழ்குகிறான். 1931இல் வாசகர்கள் இந்த முடிவை அபத்தம் என்றிருக்கலாம். 1933 மே 10 அன்று கெஸ்ட்னரின் நூல்கள் பெர்லினின் ஓபரா சதுக்கத்தில் எரிக்கப்பட்டபோது அவர் கூட்டத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகும் ஜெர்மனியை விட்டுப் போகவில்லை. அந்த முடிவை இப்போது படிக்கும்போது எனக்கு அதில் அபத்தம் தெரியவில்லை.

பிப்ரவரி 12

கொய்ன். இவரைப் பற்றிச் சொல்லத்தான் இத்தனை நாளும் எழுதினேன் என்றுகூடத் தோன்றுகிறது.

'செயற்கைப் பட்டுப் பெண்' நாயகி டோரிஸ். திருடிய ரோமக் கோட்டோடு பெர்லினுக்கு ஓடிவந்தவள், மின்ன ஆசைப்படுகிறவள். ஒரு பெரிய தொழிலதிபரோடு மது அருந்திக்கொண்டிருக்கிறாள். எல்லாம் நன்றாகப் போகிறது. அவர் அவளிடம், நீ யூதப் பெண்ணா என்று கேட்கிறார். அவள் இல்லை. ஆனால் இந்த மனிதருக்கு அப்படி இருந்தால் பிடிக்கும் போலிருக்கிறது, சந்தோஷப்படுத்துவோம் என்று நினைத்து, ஆமாம் என்கிறாள். மனிதர் தேசியவாதி. அத்தோடு குளிர்ந்துபோகிறார். டோரிஸுக்கு ஒன்றும் புரியவில்லை.

1932! கொய்னுக்கு அப்போது இருபத்தேழு வயது. ஓர் ஆணும் பெண்ணும் மேசையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் கவர முயலும்போது இனக் கேள்வி அவ்வளவு சாதாரணமாக நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது. பெண் அதை ஒரு ரசனைக் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறாள்: பொன்னிறக் கூந்தல் பிடிக்குமா, கறுப்புக் கூந்தல் பிடிக்குமா என்பது போல. அரசியலே தெரியாத ஒரு பெண் வழியாகச் சொன்னதால்தான் அந்தக் கேள்வி எவ்வளவு தூரம் உள்ளே வந்துவிட்டது என்பது தெரிகிறது. அரசியல் தெரிந்த பாத்திரமாக இருந்தால் எழுந்து நின்று ஒரு சொற்பொழிவு ஆற்றியிருக்கும், நாமும் கைதட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்போம்.

ஆட்சி மாறியதும் நூல் தடை செய்யப்பட்டது. கொய்ன் வெளியேறினார். 1937இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான 'நள்ளிரவுக்குப் பின்' பெர்லினில் நடப்பதில்லை, ஃபிராங்பர்ட்டில் நடக்கிறது. ஹிட்லர் நகருக்கு வரும் நாள். முன்பு நடந்ததாக நாயகி ஸன்னா நினைவுகூர்வது இது: கொலோனில் அவளுடைய அத்தையே அவளைக் காட்டிக்கொடுத்திருக்கிறாள். ரகசியப் போலீஸ் அலுவலகத்தில் காத்திருக்கும்போது சுற்றிலும் பார்க்கிறாள். மருமகளைப் பற்றிப் புகார் கொடுக்க வந்த மாமியார், அண்ணனைப் பற்றிச் சொல்ல வந்த தங்கை, அண்டைவீட்டாரைப் பற்றிச் சொல்ல வந்த அண்டைவீட்டார். யாரும் இழுத்து வரப்படவில்லை. தாமாகவே வந்து வரிசையில் நிற்கிறார்கள்.

பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, 1990இல் ராபர்ட் கெலட்லி என்ற வரலாற்றாசிரியர், அழியாமல் மிஞ்சிய வியுர்ட்ஸ்பர்க் நகர ரகசியப் போலீஸ் கோப்புகளை வைத்து எழுதிய நூல், அந்த அமைப்பு எவ்வளவு தூரம் சாதாரண மக்கள் தாமாகக் கொண்டுவந்த தகவல்களை நம்பி நடந்தது என்று காட்டியது. சொத்துத் தகராறு, பழைய காதல், பொறாமை, குடும்பச் சண்டை: இவையெல்லாம் காட்டிக்கொடுப்பதற்கான காரணங்களாக இருந்தன. ஒரு நாவலாசிரியை அந்தக் காத்திருப்பு அறையை 1937இலேயே எழுதியிருந்தார். இதையெல்லாம் எழுதுவதற்கு உறவுகளை விட்டால் வேறு எந்த இடம் இருக்கிறது?

பிப்ரவரி 12, நள்ளிரவு

தூக்கம் வரவில்லை. ஒன்று சொல்ல வேண்டும்.

எனக்கு நெடுநாள் நண்பர் ஒருவர் உண்டு. ஒரு காலத்தில் எங்கள் பேச்சில் எல்லை கிடையாது. பிறகு எப்போதோ சில பெயர்கள் எங்கள் பேச்சிலிருந்து விலகின. அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பேசினால் கோபம் வரும் என்பதுகூடக் காரணமில்லை. அவர் என்ன சொல்வாரோ என்று கேட்கப் பயமாக இருந்தது. கேட்டுவிட்டால் அதன்பிறகு அவரை நேசிக்க முடியுமா என்று பயமாக இருந்தது. இப்போது சந்தித்தால் உடல்நலம், பிள்ளைகள், பழைய பாடல்கள். அன்பு குறையவில்லை. அதைச் சுற்றியிருந்த இடம் குறுகிவிட்டது.

'நள்ளிரவுக்குப் பின்' நாவலில் மதுக்கடை மேசையில் நண்பர்கள் பேசும்போது யார் எந்த வாக்கியத்தை எங்கே நிறுத்துகிறார்கள் என்று கவனித்துப் படியுங்கள். ஹைனி என்ற பத்திரிகையாளன் மட்டும் நிறுத்தமாட்டான். சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்வான். சுற்றியிருப்பவர்கள் அவனை நேசிக்கிறார்கள், அவன் வாயை மூடினால் போதும் என்றும் நினைக்கிறார்கள். கடைசியில் அவன் ஒரு விருந்தில் தன்னையே சுட்டுக்கொள்கிறான். அந்த மேசையில் உட்கார்ந்திருப்பது போல நான் அதைப் படித்தேன்.

பிப்ரவரி 17

"எதிர்த்தவர்களைப் பற்றி ஏன் எழுதவில்லை?" நியாயமான கேள்வி.

ஓட்டோ ஹாம்பெல், எலிஸ் ஹாம்பெல். பெர்லினின் தொழிலாளர் பகுதியில் வாழ்ந்த கணவன் மனைவி. போரில் எலிஸின் சகோதரர் இறந்த பிறகு, 1940 முதல் 1942 வரை ஹிட்லருக்கு எதிரான வாசகங்களை அஞ்சலட்டைகளில் கையால் எழுதி, இருநூறுக்கும் மேற்பட்ட அட்டைகளை மாடிப்படிகளிலும் நடைகளிலும் விட்டுவந்தார்கள். பிடிபட்டு 1943 ஏப்ரல் 8 அன்று பெர்லினில் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய கோப்பு ஃபலாடாவின் கைக்கு வந்தது. சில வாரங்களில் ஒரு பெரிய நாவலை எழுதி முடித்தார். 1947 பிப்ரவரியில் இறந்துபோனார். 'ஒவ்வொருவரும் தனித்தே சாகிறார்கள்' அச்சாகி வந்ததை அவர் பார்க்கவில்லை.

நாவலில் சகோதரருக்குப் பதிலாக மகன் சாகிறான். அதனால் தாயும் தந்தையும் ஆகிறார்கள் இருவரும். நாவலின் கணவர் ஓட்டோ குவாங்கெல் வறண்ட மனிதர், மனைவியோடுகூட அதிகம் பேசாதவர். மகன் இறந்த சேதி வந்ததும் மனைவி அன்னா வெடித்துச் சொல்கிறாள்: நீயும் உன் ஹிட்லரும் என்று. அந்த வார்த்தைதான் அவரைக் குத்திக்கொண்டே இருந்து அஞ்சலட்டை எழுத வைக்கிறது. மேசையில் இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாக எழுதும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அவர்களுடைய திருமணம் மறுபடி தொடங்குகிறது. எதிர்ப்பு என்ற சொல்லை நீங்கள் கூட்டமாகக் கற்பனை செய்கிறீர்கள். ஃபலாடா அதைச் சமையலறை மேசையில் வைக்கிறார்.

பிடிபட்ட பிறகுதான் அடி விழுகிறது. நகரம் முழுவதும் தன் அட்டைகள் கைமாறிக்கொண்டிருக்கின்றன என்று நம்பிய குவாங்கெலிடம், கிட்டத்தட்ட எல்லா அட்டைகளையும் கண்டெடுத்தவர்களே பயந்துபோய்ப் போலீசிடம் ஒப்படைத்துவிட்டார்கள் என்று ஆய்வாளர் சொல்கிறார். உண்மையிலும் பெரும்பாலான அட்டைகள் அப்படித்தான் போய்ச் சேர்ந்தன.

பிப்ரவரி 18

நேற்றைய குறிப்பில் ஒன்றைச் சேர்க்காமல் விட மனமில்லை. நாவலின் கணவனும் மனைவியும் கடைசிவரை ஒருவருக்கொருவர் உண்மையாக இருக்கிறார்கள். நிஜ ஹாம்பெல் தம்பதி மரண தண்டனை விதிக்கப்பட்ட பிறகு எழுதிய கருணை மனுக்களில் ஒருவர்மேல் ஒருவர் பழியைச் சுமத்தினார்கள்.

இதை முதலில் அறிந்தபோது நாவல் கொஞ்சம் சிறுத்துப்போனதாகத் தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை. இரண்டு ஆண்டுகள் தினம் தினம் ஒரே மேசையில் உயிரைப் பணயம் வைத்த இருவர், கழுத்து வெட்டப்படும் பயத்தில் கடைசி வாரங்களில் எழுதியதை வைத்து அந்த இரண்டு ஆண்டுகளை யாரும் அளக்க முடியாது. அந்த மனுக்கள் ஹாம்பெல்களைப் பற்றிச் சொல்வதைவிட, அந்தச் சிறையைப் பற்றி அதிகம் சொல்கின்றன. திருமணத்தைக்கூட அரசால் உடைக்க முடியும், அதற்குத் தனித்தனி அறைகளும் கொஞ்சம் நம்பிக்கையும் போதும். ஃபலாடா உடையாத ஒரு திருமணத்தை எழுதினார். 1946இல் பெர்லினின் இடிபாடுகளுக்கு நடுவில் உட்கார்ந்து அவருக்கு அது தேவைப்பட்டிருக்கும். எனக்கும் அது தேவைப்படுகிறது.

பிப்ரவரி 20

"யார் யாரோடு படுத்தார்கள்" என்று தொடக்கத்தில் எழுதியிருந்தீர்கள். அந்த வரிக்கு இவ்வளவு நாள் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

இஷர்வுட் ஆண்களை நேசித்தவர். பெர்லினுக்கு வந்ததே அதற்காகத்தான் என்று 1976இல் வெளியான தன் வாழ்க்கை நூலில் வெளிப்படையாக எழுதினார். 1939இல் அதை எழுத முடியாது. ஆண்களுக்கிடையிலான உறவு இங்கிலாந்தில் 1967 வரை குற்றம். நாவலின் கதைசொல்லிக்கு ஏன் ஒரு காதலும் இல்லை, ஏன் எல்லோரையும் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறான் என்று கேட்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். அவனுடைய மௌனத்துக்குப் பின்னால் இரண்டு நாடுகளின் சட்டம் நிற்கிறது.

பெர்லினில் அவர் முதலில் தங்கிய அறை மாக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் 1919இல் நிறுவிய பாலியல் ஆய்வு நிறுவனத்தை ஒட்டியிருந்தது. 1933 மே 6 அன்று நாஜி மாணவர்கள் அந்த நிறுவனத்தைச் சூறையாடினார்கள். நான்கு நாள் கழித்து ஓபரா சதுக்கத்தில் எரிந்தவற்றில் அதன் நூலகமும் சேர்ந்திருந்தது. இஷர்வுட் அதே மாதம் பெர்லினை விட்டுக் கிளம்பினார். ஓரினச் சேர்க்கைக்கு எதிரான ஜெர்மானியச் சட்டப்பிரிவு 175ஐ 1935இல் மேலும் கடுமையாக்கினார்கள்.

யார் யாரோடு படுக்கிறார்கள் என்பதில் அந்த ஆட்சிக்கு எந்த அலட்சியமும் இருக்கவில்லை. அதே 1935 செப்டம்பரில் வந்த நியூரெம்பர்க் சட்டங்கள் யூதர்களுக்கும் 'ஜெர்மானிய ரத்தத்தவர்' என்று அரசு வரையறுத்தவர்களுக்கும் இடையே திருமணத்தையும் உடலுறவையும் குற்றமாக்கின. கொய்னின் ஸன்னாவுக்கு கெர்ட்டி என்றொரு தோழி. அவள் நேசிக்கும் டீட்டருக்குப் பெற்றோரில் ஒருவர் யூதர். மதுக்கடையில் இருவரும் ஒரே மேசையில் உட்காரவே பயப்பட வேண்டியிருக்கிறது. படுக்கையறையை அற்ப விஷயம் என்று அந்த ஆட்சி நினைக்கவில்லை. நாவலாசிரியர்கள் மட்டும் ஏன் நினைக்க வேண்டும்?

பிப்ரவரி 20, பிற்பகல்

இஷர்வுட் நூலில் வரும் லாண்டாவர் என்ற யூதக் குடும்பத்தைப் பற்றி யாரோ கேட்டார்கள். கடை முதலாளிக் குடும்பத்தின் பெர்ன்ஹார்ட், களைத்த, பண்பான மனிதர். கதைசொல்லியிடம் இன்றிரவே பெய்ஜிங் போகலாமா என்று ஒருமுறை கேட்பார்; கதைசொல்லி அதை விளையாட்டு என்று எடுத்துக்கொள்வான். பிறகு ப்ராக் நகர உணவகத்தில் பக்கத்து மேசையில் இரண்டு பேர் பேசுவது காதில் விழும்: பெர்ன்ஹார்ட் செத்துவிட்டார், இதயம் நின்றுவிட்டது என்று செய்தித்தாள் சொல்கிறது. உள்ளே குண்டு போனால் யார் இதயமும் நிற்கத்தான் செய்யும் என்கிறான் ஒருவன். பிறகு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள்.

அந்தப் பாத்திரத்துக்கு மாதிரியாக இருந்தவர் வில்ஃப்ரிட் இஸ்ரேல். அவர் 1933இல் சாகவில்லை. 1930களின் இறுதிவரை ஜெர்மனியில் இருந்து யூதர்கள் வெளியேற, குறிப்பாகக் குழந்தைகள் வெளியேற, இடையறாது உழைத்தார். 1943இல் லிஸ்பனிலிருந்து இங்கிலாந்துக்குப் போன பயணிகள் விமானத்தை ஜெர்மானியர்கள் சுட்டு வீழ்த்தியபோது அதில் இருந்தார். நாவலின் பெர்ன்ஹார்டைக் கண்டு, செயலற்ற மனிதர் என்று முடிவு கட்டுகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். இஷர்வுட் காட்டிய சோர்வு உண்மையாக இருந்திருக்கலாம், ஆனால் சோர்ந்த மனிதர்கள்தான் பல சமயம் ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அந்த இடத்தில் நாவலைவிட மனிதர் பெரியவர் என்பது என் எண்ணம்.

பிப்ரவரி 23

"சரி, எதிலிருந்து தொடங்கட்டும்?"

கொய்னின் 1932 நாவல். அதன் பிறகு ஃபலாடாவின் 1932 நாவல். ஜெர்மன் தெரிந்தவர்கள் ஃபலாடாவுக்கு 2016இல் வந்த முழுப் பதிப்பை எடுங்கள், முதல் பதிப்பில் வெட்டப்பட்ட பெர்லின் இரவுகள் அதில்தான் இருக்கின்றன. கெஸ்ட்னருக்கும் அப்படியே: பதிப்பாளர் 1931இல் துணியாத பகுதிகளோடு 'ஃபாபியான்' 2013இல் வந்தது. முடிவு தெரியாதவர்களை முதலில் படித்து முடியுங்கள். அவர்களோடு கொஞ்ச காலம் இருங்கள், அவர்களுடைய வாடகைக் கவலையை உங்கள் கவலையாக எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு இஷர்வுட், பிறகு 'நள்ளிரவுக்குப் பின்', கடைசியில் அஞ்சலட்டை நாவல். படித்துவிட்டும் தப்பித்தல் என்றே தோன்றினால் எந்தப் பக்கத்தில் தோன்றியது என்று எழுதுங்கள். அந்தப் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு பேசுவோம்.